பின்னோக்கிச் செல்லும் வித்தை

மோட்டார் வண்டி ஓட்டக் கற்பவர் எவரும் முதலில் விரும்புவது முன்னோக்கிச் செல்வதையே. பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி நோக்கி வண்டியை விட்டால், உப்பங்காற்று முகத்தில் வீச, ஒரு கிழமைப் பயிற்சியிலேயே 'நமக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது' என்னும் பெருமிதம் பிறந்துவிடுகிறது. அப்பெருமிதம் நிலைப்பது புத்தளம் நகருக்குள் வரும் வரையில்தான். கொழும்பு வீதியில் வரிசையாக நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருக்கிறது. பின்னாலே ஒரு பஸ் வந்து நின்று ஒலி எழுப்புகிறது. கடை வாசலில் நிற்போர் யாவரும் திரும்பிப் பார்க்கின்றனர். அவ்வளவில் புதிய சாரதியின் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

வீதியோரத்தில், முன்னும் பின்னும் நிற்கும் வண்டிகளுக்கு இடையே, நடைபாதைக்கு இணையாக வண்டியைத் தரிப்பது சிறு காரியம் என்று பலர் எண்ணுவதுண்டு. அச்சிறு காரியத்தைச் சரிவரச் செய்யாமையால் விளைவது யாது? வண்டியின் வால் வீதிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனைச் சுற்றிப்போக முச்சக்கர வண்டி நடுவீதிக்கு வருகிறது. துவிச்சக்கர வண்டியிலே பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் நடுவீதிக்கு வருகிறது. எதிரே உப்பு மூட்டை ஏற்றிய லொறி வருகிறது. இதன் பின் நடப்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கும் இடமளித்த பிரதேசம் இது. மக்கள் பெருகினர், வாகனங்களும் பெருகின. வீதி மட்டும் அந்த அளவுக்கு விரிந்துவிடவில்லை. இருக்கும் இடத்தைப் பிறர்க்கு இடையூறின்றிப் பங்கிட்டுக் கொள்வதே நமக்குள்ள வழி.

இடம் காலியாக இருக்கிறதே, முன்பக்கமாக நேரே நுழைந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் வண்டியின் இயல்பை அறிய வேண்டியிருக்கிறது. காரில் திரும்புவன முன்சில்லுகள் மட்டுமே. பின்சில்லுகள் திரும்புவதுமில்லை, பக்கவாட்டில் நழுவுவதுமில்லை. குதிரை வண்டிகளின் காலத்திலேயே, மியூனிக் நகரைச் சேர்ந்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர், வளைவின் உட்பக்கத்து முன்சில்லு வெளிப்பக்கத்துச் சில்லைவிடச் சற்று அதிகமாகத் திரும்பும்படி ஓர் அமைப்பைக் கண்டார். அதற்கு 1818ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் அக்கர்மன். இன்றும் அவர் பெயராலேயே அம்முறை வழங்குகிறது. அதன்படி வண்டி எந்த வட்டத்தில் திரும்பினாலும், அவ்வட்டத்தின் மையம் பின் அச்சின் நேர்கோட்டிலேயே அமையும். ஆதலால் முன்பக்கமாக நுழையும் வண்டியின் மூக்கு உள்ளே போனாலும் வால் வெளியே நின்றுவிடும். வாலையும் உள்ளே கொண்டுவர வேண்டுமானால் இன்னும் வெகுதூரம் முன்னே செல்ல வேண்டும். அங்கே மற்றொரு வண்டி நிற்கிறதே!

பின்னோக்கிச் செல்லும்போதோ நிலைமை மாறிவிடுகிறது. இதனை விளங்கிக்கொள்ள நம் புத்தளம் வாவிக் கரையைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை. வள்ளத்தின் சுக்கான் எங்கே இருக்கிறது? பின்னால். வள்ளம் இடப்புறம் திரும்ப வேண்டுமானால் அதன் பின்புறம் வலப்புறமாக ஒதுங்குகிறது. பின்னோக்கிச் செல்லும் காரும் அத்தகையதே. அப்பொழுது வால் முன்னே போகிறது. திரும்பும் சில்லுகள் பின்தங்கி வருகின்றன. வால் இடப்புறம் நுழையும்போது மூக்கு வலப்புறமாக வீசும். இறங்குதுறையில் இரண்டு வள்ளங்களுக்கு நடுவே தன் வள்ளத்தைச் சரிவாக நுழைத்து, பின்பு சுக்கானை மறுபுறம் வெட்டி, பின்புறத்தைக் கரையோடு ஒட்டவைக்கும் மீனவருக்கு இந்த வித்தையை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். நம் நாட்டில் வீதியின் இடப்பக்கமே நமது பக்கம். ஆகவே தரிப்பதும் இடப்புறமே. முதலாவது, இடத்தை மதிப்பிடுக. உங்கள் வண்டியைப்போல் ஒன்றரை மடங்கு நீளமிருந்தால் பழகுவோர்க்குப் போதும். இரண்டாவது, முன்னால் நிற்கும் வண்டிக்கு அருகே, சுமார் மூன்று அடி இடைவெளி விட்டு, இரண்டின் பின்புறங்களும் ஒரே நேரில் அமையும்படி நிறுத்துக. மூன்றாவது, எல்லாப் பக்கமும் பார்த்த பின் சுக்கானை இடப்புறம் முழுதாகத் திருப்பி, மெல்லப் பின்செல்க. உங்கள் மூக்கு வலப்புறம் வீசுவதை மறவற்க. வண்டி ஏறக்குறைய 45 பாகைச் சரிவுக்கு வந்ததும் சுக்கானை நேராக்கிச் சிறிது பின்செல்க. நான்காவது, உங்கள் வண்டியின் முன் இடமூலை முன்வண்டியின் பின்புறத்தைத் தாண்டியதும், சுக்கானை வலப்புறம் முழுதாகத் திருப்புக. மூக்கு தானே உள்ளே வந்து சேரும். நடைபாதை விளிம்புக்கும் சில்லுக்கும் இடையே ஓர் அடிக்கு மேற்படாதிருந்தால் வேலை செவ்வையாக முடிந்தது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. லண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலவே கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சைமன் பிளாக்பர்ன் 2009ஆம் ஆண்டில் இதற்கு ஒரு சமன்பாடே வகுத்தளித்தார். அதற்கு வேண்டிய கருவி, நீங்கள் வகுப்பறையில் படிக்கும் பைதகரசின் தேற்றந்தான். வண்டி திரும்பும் வட்டத்தின் ஆரை 5.4 மீற்றர், முன்பின் சில்லுகளின் இடைத்தூரம் 2.5 மீற்றர், முன்சில்லின் மையத்திலிருந்து மூக்கு வரை 0.8 மீற்றர், முன்னால் நிற்கும் வண்டியின் அகலம் 1.7 மீற்றர் என்று கொண்டு கணக்கிட்டால், வண்டியின் நீளத்துக்கு மேல் சுமார் 1.6 மீற்றர் இருந்தாற் போதும் என்று விடை வருகிறது. சிறிய காருக்கு 'ஒன்றரை மடங்கு' என்று மேலே கூறியது வெறும் கைக்கணக்கு அன்று என்பது இதனால் விளங்கும்.

பழகுவதற்கு நகர வீதி ஏற்ற இடமன்று. வெறுமையான மைதானம் ஒன்றில் நான்கு தென்னம் மட்டைகளை ஆள் மார்பளவு உயரத்துக்கு நட்டால், அவையே இரண்டு வண்டிகளாகிவிடும். மட்டை சாய்ந்தால் எவருக்கும் நட்டமில்லை. தென்னைக்குப் பெயர்பெற்ற இம்மாவட்டத்தில் மட்டைக்குப் பஞ்சமுமில்லை. வேகம் மட்டும் வேண்டா. வண்டி ஊர்ந்து செல்ல, சுக்கான் விரைந்து திரும்ப வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்வதே தொல்லைக்குக் காரணம். வீதிக்கு வரும்போது பயிலுனர் அனுமதிப்பத்திரமும் 'எல்' பலகையும் பக்கத்தில் தக்க ஆசிரியரும் இருத்தல் வேண்டும்.

இயந்திரம் இவ்வேலையைச் செய்துவிடாதா? முயற்சி பழையது. 1950களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த புரூக்ஸ் வாக்கர், காரின் பின்னால் ஐந்தாவது சில்லு ஒன்றை இறக்கி, வாலைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினார். வணிகத்தில் அது நிலைபெறவில்லை. 2003ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் தானே சுக்கானைத் திருப்பித் தரிக்கும் வசதியுடன் வந்தது. ஆயினும் பின்னால் திடீரென ஓடிவரும் குழந்தைக்காகவும், புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வீதியைத் தம் படுக்கையாகவே கருதும் கழுதைகளுக்காகவும் பொறுப்பேற்க வேண்டியவர் சாரதியே அன்றிக் கருவியன்று.

தரித்ததோடு கடமை முடிவதில்லை. கதவைத் திறப்பதிலும் ஓர் ஒழுங்குண்டு. வலப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர் கதவை இடக்கையால் திறத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் உடம்பு தானே திரும்பும். பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இப்பழக்கத்துக்கு ஒல்லாந்தரின் பெயரையே உலகம் சூட்டியிருக்கிறது. கற்பிட்டியில் கோட்டை கட்டிச் சென்றவர்களிடமிருந்து இந்நற்பழக்கத்தையும் ஏற்றுக்கொள்வதில் நமக்குக் குறைவொன்றுமில்லை.

இறுதியாக, பழகியவர்களுக்கு ஒரு சொல். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் முன்னேசுவரத்து உற்சவத்துக்கும் வண்டிகள் திரளும் நாள்களில், முன்னே 'எல்' பலகை தாங்கிய கார் ஒன்று தடுமாறக் காண்போம். உள்ளே இருப்பவர் யாரோ ஒருவர் வீட்டு மகள். அல்லது ஐம்பது வயதில் துணிந்து கற்கவந்த ஒரு தாய். நாம் எழுப்பும் ஒவ்வோர் ஒலியும் அவர் கையை நடுங்கச் செய்யும். அந்த நடுக்கத்தில் காலும் தவறக்கூடும். அரை நிமிடம் பொறுத்திருந்தால் நம் பயணம் பாழாகிவிடாது. பின்னோக்கிச் செல்பவருக்கு வேண்டியது நிதானம். அவர் பின்னால் நிற்பவருக்கு வேண்டியதும் அதுவே.