வலையிலே தமிழ், வாயிலே?

மொழி கண்ணளவில் நிற்பதன்று. செவியாற் கேட்டு, நாவாற் பயின்று, நெஞ்சிற் படிவது. ஆகலின், இணையத்தின்கண் குவிந்து கிடக்கும் பாடங்கள் மொழி மாணாக்கர்க்கு மெய்யாகவே உதவுகின்றனவா என்னும் வினாவைத் தமிழர் ஆய்ந்து தெளிதல் வேண்டும்.

அப்பாடங்கள் பயனற்றவை என்பது பொருந்தாது. 1998இல் தன்னார்வலர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி விலையின்றி வழங்கி வருகின்றது. 2001இல் தமிழக அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை நிறுவிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அது, பாடங்களையும் உரையுடன் கூடிய இலக்கியங்களையும் அகரமுதலிகளையும் ஒருங்கே வைத்துள்ளது. வல்வில் ஓரியின் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்து ஏழை மாணாக்கனும், பெருநகர் நூலகத்திற்குச் செல்லாமலே சங்க நூலைத் தன் கைப்பேசியிற் காணலாம். இது சிறு பேறன்று.

எனினும், நூல் கிடைத்தல் வேறு; கல்வி வாய்த்தல் வேறு. அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒலிப்பாடம் உண்டு. மறுமொழி கூறும் தெரு இல்லை. சேந்தமங்கலத்துப் பிள்ளைக்குத் தெருவெல்லாம் தமிழ். ஆங்கிலவழிப் பள்ளிக்கு விடுக்கப்பட்டானாயின், எழுத்தும் இலக்கணமும் அவனுக்கு எட்டாக்கனி. இருவர்க்கும் ஒரே பாடத்தை நீட்டுவது, நோய் நாடாது மருந்தளிப்பதாம். மேலும், 'பழம்' என்பதைப் 'பளம்' என்று ஒருவன் பலுக்கினால், பதிந்து வைத்த பாடம் அவனைத் திருத்தாது. மீண்டும் ஒருமுறை ஓடும், அவ்வளவே!

பிறிதொரு கேடும் உளது. சொற்பொருள் தேடுவார்க்கு இணையத்தில் எளிதிற் கிட்டுவனவற்றுள் ஒன்று, 1924 முதல் 1939 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி. அது தென்சொற்கள் பலவற்றை வடசொல்லெனக் காட்டிற்றென்று, 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியிற் பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர் விரிவாக மறுத்தெழுதினார். அகராதியைத் திறக்கும் மாணாக்கன் அதன் கூற்றைக் காண்பான். பாவாணர் மறுப்பை அப்பக்கத்திற் காணான். இரண்டையும் அருகருகே வைத்து, வேர் காட்டி விளக்குதற்கு ஆசிரியரே வேண்டும்.

ஆகவே, இணையப் பாடத்தை ஆசிரியர்க்கு மாற்றாகக் கொள்ளாது, ஆசிரியர் கைக்கருவியாகக் கொள்க. சேந்தமங்கலம் போன்ற ஊர்தோறும் இளைஞர் கிழமைக்கொரு முறை கூடுக. இணையத்திலுள்ள பழம்பாடல் ஒன்றை வாய்விட்டுப் படிக்க. கற்றாரிடம் பிழை திருத்திக் கொள்க. தாமே ஒரு பக்கமேனும் நற்றமிழில் எழுதுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும். கிணறு நிறைய நீருளது; இறைத்துப் பாய்ச்சுவார் இன்றேற் பயிர் வாடும். தமிழர் உணர்வாராக!