"நன்றாயிருக்கிறது" என்றால் போதுமா?



மயிலாப்பூரில் தன் அறையிலேயே ராக் பாடலொன்றை இயற்றிப் பதிவுசெய்த நம் சபை வாலிபன் ஒருவன், அதை எனக்குப் போட்டுக் காட்டினான். கிதாரின் முழக்கத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும், "நன்றாயிருக்கிறது, தம்பி" என்றேன். அது அன்பன்று, சோம்பல்.

எழுதியவனுக்கு வரிகள் மனப்பாடம். ஆகவே குரல் அமிழ்ந்திருப்பதை அவன் செவி உணராது. வரிகளை அறியாத செவியே உணரும். கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் பின்புறத்திலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்த ஏ.ஆர். ரகுமானுக்கும் எச். ஸ்ரீதர் என்னும் ஒலிப்பொறியாளரின் செவி துணைநின்றது.

சென்ற ஞாயிறு ஆராதனைக்குப்பின் உள்ளதைச் சொன்னேன்: "கிதாரைச் சற்றுத் தாழ்த்து, கைபேசியிலும் ஒருமுறை கேட்டுப்பார்." அவன் முகம் வாடிற்று. நேற்றிரவு திருத்திய பாடல் வந்தது. பல்லவி தெளிவாய்க் கேட்கிறது. டிரம்ஸ் மட்டும் இன்னும் உரக்கவே ஒலிக்கிறது.