ரம்பத்துக்கு முன் ஏணி
ஆஸ்திரேலியாவில் கோடை நெருங்கினால் காட்டுத்தீ பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். மரங்கள் மீது பழி விழுவதும் அப்போதுதான். அந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 10/50 விதிதான் நினைவுக்கு வரும். 2013 அக்டோபரில் புளூ மவுண்டன்ஸ் பகுதியில் வீடுகள் எரிந்தன. மறு ஆண்டே விதி வந்தது. தீ அபாயப் பகுதியில் குடியிருப்பவர் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் உள்ள மரங்களையும், 50 மீட்டருக்குள் உள்ள புதர்களையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அனுமதி கேட்காமலே அகற்றலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் சிட்னியில் கடல் தெரிய வேண்டும் என்பதற்காகவே சிலர் மரங்களைச் சாய்த்தார்கள் என்று புகார்கள் கிளம்ப, 2014 முடிவதற்குள் விதி செல்லும் எல்லையைச் சுருக்க வேண்டியதாயிற்று. பெயர் தீக்கு, வெட்டு காட்சிக்கு! இத்தனைக்கும், பெருந்தீயில் பல வீடுகளைப் பற்றவைப்பது நேரே வரும் தீ நாக்கு அல்ல, காற்றில் பறந்து வரும் கங்குகள். கூரையோர மழைநீர்க் குழாயில் தங்கிய சருகும், ஓட்டிடுக்கும், வாசல் கால்மிதியும் போதும் அவற்றுக்கு. சருகை ஒரு காலைப்பொழுதில் அள்ளிவிடலாம். யூகலிப்டஸ் மரத்தில் ஆந்தை குடியேறும் அளவுக்குப் பொந்து விழ நூறாண்டுக்கு மேல் ஆகும். உயிரைவிட மரம் பெரிதில்லை, ஆபத்தான மரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஏணி போட்டுக் கூரையைச் சுத்தம் செய்தவருக்கே ரம்பம் எடுக்கும் உரிமை என்று விதியில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.