அறுபது டிகிரின்னு எழுதிட்டா போதுமா?



பிசிக்ஸ் லேப்பில் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை செய்த ரெக்கார்டுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பட்டகத்தின் கோணம் 60 டிகிரி. எல்லாருக்கும் அதேதான். ஒரு மினிட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை! இருக்கிற பட்டகம் அத்தனையையும் அவ்வளவு சுத்தமாகவா தேய்த்திருப்பார்கள்? "ஆன்சர் வந்துடுச்சா, சைன் வாங்கிட்டுப் போ" என்பதுதான் நடைமுறை. இதை நான் எதிர்க்கிறேன்.

ஸ்பெக்ட்ரோமீட்டரில் 1 மினிட் வரை படிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பெவல் புரோட்ராக்டரில் 5 மினிட்தான். ஆனால் பைனாகுலருக்குள் வைக்கும் கூரைப் பட்டகத்தில் 90 டிகிரி சில செகண்டுக்கு மேல் பிசகினாலே ஒரு மரம் இரண்டாகத் தெரியும். 1 செகண்ட் என்றால் 1 கிலோமீட்டர் தூரத்தில் 5 மில்லிமீட்டர்கூட வராது.

இதை எப்படி அளப்பார்கள்? ஆட்டோகாலிமேட்டரிலிருந்து வரும் ஒளியைச் செங்கோணப் பட்டகத்தின் பெரிய முகம் வழியே அனுப்புவார்கள். அது உள்ளே இரண்டு முகங்களிலும் பட்டுத் திரும்பும். கோணம் சரியாக 90 என்றால் ஒரே பிம்பம். பிசகியிருந்தால் இரண்டு. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால், அந்தப் பிம்பங்களின் இடைவெளி பிழையைப் போல் 6 மடங்கு. பட்டகம் தன் குறையைத் தானே பெரிதாக்கிச் சொல்லிவிடுகிறது!

எங்க அப்பா கொத்தனார், பள்ளிக்கூடம் போனதில்லை. மூலைமட்டம் வாங்கும்போது கடையிலேயே ஒரு கோடு போடுவார், அதைத் திருப்பி வைத்து இன்னொரு கோடு. ரெண்டும் சேரலைன்னா "வேணாம்பா" என்று வைத்துவிடுவார். திருப்பினால் பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்று அவருக்கு யாரும் தியரி எடுக்கவில்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டு வெர்னியர் இருப்பதும் ஏறக்குறைய இதே யோசனைதான். வட்டத்தின் மையம் விலகியிருந்தால் ஒன்றில் கூடுவது மற்றதில் குறையும், சராசரியில் அடிபட்டுப் போகும். பலர் ஒன்றைப் படித்து, 180 கூட்டி, மற்றதை நிரப்பிவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு இரண்டு?

குமணன்சாவடியில் பஸ் ஏறி அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குப் போகப்போகிறவர்கள் நாம். நாம் எழுதும் ரீடிங்கை நம்பித்தான் இன்னொருத்தர் பாகத்தைப் பொருத்துவார். என்னைப்போல் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்குச் சொல்லித்தர அண்ணனோ மாமாவோ கிடையாது. லேப்பில் கற்காததை வேறு எங்கே போய்க் கற்பது?

சங்க நிர்வாகிகள் முதல்வரிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் லேப்பைத் திறந்து விடட்டும். ஒருத்தனுக்கு 59 டிகிரி 56 மினிட் வந்து, அதை அப்படியே எழுதினால், மார்க்கைக் குறைக்காமல் இருக்கட்டும்.