வாய் கேட்கிறதா, வயிறு கேட்கிறதா?



"கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். காலையில் சாப்பிடாமல் இருந்தேன். பகலிலும் அரை வயிறுதான். ஆனால் பொழுது சாய்ந்ததும் வாயைக் கட்ட முடியவில்லை. பிஸ்கட், பணிஸ், மிக்சர், எது கண்ணில் பட்டாலும் கை போய்விடுகிறது." எடை குறைக்கப் புறப்பட்ட பெண்கள் பலரும் சொல்லும் குறை இது. சொல்லி முடித்ததும் "எனக்கு வைராக்கியம் போதாது" என்று தம்மையே நொந்துகொள்வார்கள்.

இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். தின்ன வேண்டும் என்று வருகிற அந்தப் பேராசை பெரும்பாலும் வைராக்கியக் குறைவால் வருவதில்லை. பகலில் கட்டாமல் விட்ட பசிக்கடன் மாலையில் வட்டியோடு திரும்பி வருகிறது. கடனைக் கட்டாமல் வட்டியோடு மட்டும் சண்டை பிடித்தால் வெல்ல முடியுமா?

யார் குறைக்க வேண்டும்?

எடை குறைப்பது எல்லோருக்கும் உரிய வேலை அல்ல. தோட்டங்களில் மெலிந்து, இரத்தம் குறைந்த நிலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இன்னமும் பலர். அவர்களுக்குத் தேவை நல்ல சாப்பாடு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தாமாக எடை குறைக்கப் புறப்படக் கூடாது.

மறுபக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள், கடையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். மலை ஏறி இறங்கிய காலத்துச் சாப்பாடு அப்படியே இருக்க, ஏற்றம் மட்டும் நின்றுவிட்டது. எடை ஏறுவதற்கு இது போதும்.

ஆசிய மக்களின் உடலில் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இரத்த அழுத்தமும் தொடங்கிவிடுகின்றன. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் நமக்குரிய எச்சரிக்கை அளவை, உடல் திணிவுச் சுட்டி 23 என்று சொன்னது. 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 52 கிலோ, 62 கிலோ என்று வரும். தராசு இல்லாவிட்டால் தையல் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றருக்கு, அதாவது சுமார் முப்பத்தொன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும்.

பசியை மறக்காத உடம்பு

பட்டினி உடம்பை என்ன செய்கிறது என்று அமெரிக்காவில் ஒரு முறை ஆராய்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944-45இல், போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சோறு கொடுத்து மீட்பது என்று அறிய மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற அறிஞர் செய்த ஆய்வு அது. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஏறத்தாழப் பாதிச் சாப்பாடுதான்.

அதற்குள் அவர்களின் பேச்சும் கனவும் சாப்பாடாகிப் போயின. சமையல் புத்தகங்களைத் தேடி வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் பிடித்துக்கொண்டன. பிறகு வேண்டிய அளவு சாப்பாடு கொடுத்தபோதும் பசி உடனே அடங்கவில்லை. வயிறு நிரம்பிய பின்னும் மனம் இன்னும் கேட்டது. பலருக்கு முன்பிருந்ததை விடக் கொழுப்பு கூடியது.

அவர்கள் ஆறு மாதம், அதுவும் மருத்துவர்களின் கண் முன்னால், பசித்திருந்தவர்கள். நமது கதை அப்படியா? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினியால் உயிர்கள் போயின. 1977, 1983 கலவரங்களால் விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள், 2009இல் அங்கே கஞ்சிக்கு வரிசையில் நின்றன. இருந்த கஞ்சியைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்துப் படுத்த தாய்மார் எத்தனை பேர்! 2022இல் மாவும் சீனியும் விலை ஏறியபோது பழைய பயம் மறுபடியும் வந்தது.

இப்படிப் பட்ட உடம்பு, சாப்பாடு குறைந்தவுடன் "மறுபடியும் பஞ்சம் வந்துவிட்டது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். கிடைக்கும்போதே நிறைய வாங்கிச் சேர்த்து வை என்று வாயைத் தூண்டும். ஆகவே பட்டினி கிடந்து எடை குறைக்கும் வழி, பட்டினியைக் கண்ட பெண்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம்

விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் ரொட்டி தட்டிக் கொடுத்து, ஒரு சாயத்தண்ணியோடு பெரட்டுக்கு ஓடுகிறோம். மலையில் இன்னொரு தேத்தண்ணி. பகலில் ஆறிப்போன ரொட்டியும் கட்டைச் சம்பலும். மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது கைகால் நடுங்குகிறது. அப்போது பிஸ்கட் பக்கட்டைக் கண்டால் கை போகாமல் என்ன செய்யும்? இரவு எல்லோரும் சாப்பிட்ட பின்னர் சட்டியில் உள்ளதையும் பிள்ளைகளின் தட்டில் மிஞ்சியதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறோம்.

இதில் முதலில் மாற்ற வேண்டியது காலை. வெள்ளைக் கோதுமை மா ரொட்டி சீக்கிரம் செரித்துவிடும். அதனோடு பருப்போ, அவித்த கௌபியோ, கடலையோ, ஒரு முட்டையோ, வறுத்த நெத்தலியோ சேர்ந்தால் பசி தாங்கும். மாவில் ஒரு பங்கு குரக்கன் மாவோ ஆட்டா மாவோ கலந்து பிசையலாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கீரையை அரிந்து மாவோடு சேர்த்துத் தட்டலாம். மூன்று ரொட்டியும் சம்பலும் சாப்பிடும் இடத்தில் இரண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் பருப்பும் சாப்பிட்டுப் பாருங்கள். மாலையில் வரும் வெறி குறையலாம்.

மாலையில் வீடு வந்ததும் சாப்பிட ஒன்றை முன்னமே வைத்துவிட்டுப் போங்கள். அவித்த கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு பிடி கச்சான் எதுவானாலும் சரி. பசியோடு அடுப்படிக்குள் போகக் கூடாது.

பிள்ளைகளின் மிச்சத்தை வீசுவது பாவம் என்று நாமே சாப்பிட்டுவிடுகிறோம். பசியைக் கண்டவர்களுக்குச் சோற்றை வீச மனம் வராதுதான். பிள்ளைக்கு முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் பிறகு போடுங்கள். மிச்சமே இராது.

தேத்தண்ணிக்குள் ஒளிந்திருப்பது

நுவரெலியா, ஹட்டன் குளிரில் தேத்தண்ணி இல்லாமல் ஒரு நாள் போகுமா? குடியுங்கள். சீனியை மட்டும் கணக்குப் பாருங்கள். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1,200 கிராம், ஒரு கிலோவுக்கும் மேல்! குவித்து அள்ளினால் இன்னும் கூடும். சேர்க்கும் சீனியை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரை. பிஸ்கட், பணிஸ், சோடாவில் உள்ளதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு நாளில் மறுபடி ஆரம்பித்துவிடுவோம். கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். இரண்டு வாரம் போகட்டும். நாக்கு பழகியதும் மேலும் அரைக் கரண்டி குறையுங்கள். சில வாரங்களில் பழைய தேத்தண்ணி உங்களுக்கே தித்திப்பாகத் தெரியும். சாயத்தண்ணியில் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டால் சீனி குறைந்தது தெரியாது.

இன்னொன்று. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரத்தம் குறைந்தால் சோர்வு வரும். அந்தச் சோர்வைப் பசி என்று நினைத்து இனிப்பைத் தேடுவோம்.

பச்சரிசி, மண், சாம்பல் போன்றவற்றைத் தின்ன ஆசை வருகிறதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பல வேளைகளில் அது இரத்தசோகையின் அடையாளம். கிளினிக்கில் சொன்னால் இரத்தம் பரிசோதித்து மருந்து தருவார்கள்.

மனம் கேட்கும் சாப்பாடு

எல்லா ஆசையும் வயிற்றிலிருந்து வருவதில்லை. நித்திரை கெட்டால் மறுநாள் பசி கூடும். கவலை கூடினால் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் கேட்கும். காணாமல் போனவரை எண்ணியபடி இரவில் விழித்திருக்கும் பெண்ணுக்கு, கையில் ஒரு பிஸ்கட்டாவது ஆறுதலாக இருக்கிறது. அதைக் குற்றம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் பிஸ்கட் பக்கட் முடிந்த பின்னும் துக்கம் அப்படியேதான் இருக்கும். அதற்கு வேறு துணை வேண்டும். பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் போய்ப் பேசுங்கள். துக்கம் நெஞ்சை அழுத்தி நாள்கள் நீண்டால், ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஆசை வந்தால் என்ன செய்வது?

1. கேட்பது வாயா, வயிறா என்று பாருங்கள். சோறும் கீரையும் கொடுத்தாலும் சாப்பிடுவேன் என்றால் அது வயிற்றுப் பசி. உடனே சாப்பிடுங்கள். பிஸ்கட் மட்டுந்தான் வேண்டும் என்றால் அது வாய்.

2. வாய் கேட்டால் "கால் மணி நேரம் பொறு" என்று சொல்லுங்கள். கொத்தமல்லி அவித்த தண்ணீரையோ, சீனி குறைந்த சாயத்தண்ணியையோ சூடாக மெல்லக் குடியுங்கள். ஆசை அலை போல எழும்பும், கொஞ்ச நேரத்தில் தணியும். ஒரு வேலையில் கை வைத்தால் இன்னும் சீக்கிரம் தணியும்.

3. அதன் பிறகும் கேட்டால் கொஞ்சம் சாப்பிடுங்கள். ஆனால் பக்கட்டோடு வேண்டாம். இரண்டு பிஸ்கட்டைத் தட்டில் எடுத்து வைத்து, மிச்சத்தைக் கட்டி மூடிவிட்டு, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள்.

4. எதையும் "இனித் தொடவே மாட்டேன்" என்று சபதம் போடாதீர்கள். தீபாவளிக்கு ஒரு அதிரசம் சாப்பிட்டால் எடை ஏறாது. ஒன்றைச் சாப்பிட்டதும் "எல்லாம் போச்சு" என்று பத்தைச் சாப்பிடுவதால்தான் ஏறுகிறது.

5. சோடா போத்தலில் உள்ள வண்ண அடையாளத்தைப் பாருங்கள். 2016 முதல் நமது நாட்டில் குளிர்பானங்களுக்குச் சீனியின் அளவுப்படி சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடப்படுகிறது. சிவப்பு என்றால் சீனி மிக அதிகம்.

நீரிழிவு உள்ள சகோதரிகளுக்கு

மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ஒரு வேளையும் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நடுக்கம், வியர்வை, கண் இருட்டு வந்தால் அது வாய் ஆசை அல்ல. உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள், பிறகு சாப்பிடுங்கள். அடுத்த கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்நேரமும் தாகம், அடிக்கடி சிறுநீர், கால் விறைப்பு, அட்டைக்கடியோ கால் விரல் புண்ணோ ஆறாமல் இருப்பது ஆகியவை நீரிழிவின் அறிகுறிகளாக இருக்கலாம். 35 வயது தாண்டியவர்கள் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். நாள், நேரத்தை உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று தள்ளிப் போடாதீர்கள்.

எவ்வளவு குறைய வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். முழங்காலுக்கும் பாரம் குறையும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். அதற்கு மேல் அவசரப்பட்டால் உடம்பு பஞ்சம் என்று நினைத்துவிடும்.

இந்த மாதம் இரண்டே இரண்டு வேலை செய்யுங்கள். காலையில் பருப்போ கடலையோ சேர்த்து வயிறாறச் சாப்பிட்டுவிட்டு வெளியே இறங்குங்கள். கோப்பைக்கு அரைக் கரண்டி சீனி குறையுங்கள். மற்றவை பிறகு வரட்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிய கைகள், தமக்கென்றும் ஒரு தட்டை நேரத்துக்கு எடுத்து வைக்கட்டும்.