உம்மாவின் குரலுக்கு வேறு பிரதி இல்லை

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றரி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்டார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களாகிய நாங்கள் றேடியோவையே விட்டுவிட்டுப் போனோம். புத்தளம் முகாமில் எங்களிடம் மிஞ்சியது கசெட். சவூதிக்கு வேலைக்குப் போன உம்மாமார் பேசிப் பதிந்து அனுப்பியவை.

முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து வீடு துப்புரவாக்கும்போது அவற்றைக் குப்பையில் போடுகிறோம். சினிமாப் பாட்டு போனால் போகட்டும், யூடியூப்பில் இருக்கிறது. உம்மா பேசியது எங்கே இருக்கிறது? (சிலவற்றின் மேல் நாங்களே பாட்டுப் பதிந்து அழித்தோம், அது வேறு கதை.)

நாடாவின் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தில் கெடும், பூஞ்சணமும் பிடிக்கும். ஓடுகிற பிளேயர், ஒரு வயர், லப்டொப் போதும். 60 நிமிடக் கசெட்டுக்கு 60 நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பிளேயர் வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். லீவில் பிள்ளைகளோடு தொடங்குகிறோம்.