புதிய தொழில்நுட்பமும் மனித வாழ்வும்: காஞ்சன்பாக் அனுபவத்தை முன்வைத்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

1. கேள்வியும் நிலைப்பாடும்

செயற்கை நுண்ணறிவு, உலோகத்தை அடுக்கடுக்காக அச்சிடும் முப்பரிமாண அச்சு, மரபணுத் திருத்தம், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், தாமாக இலக்கைத் தேடும் ஆயுதங்கள் ஆகியவை ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்திருக்கின்றன. மனிதர் என்ன வேலை செய்வார், எத்தனை ஆண்டுகள் வாழ்வார், எந்த நிலையில் இறப்பார் என்ற மூன்றையும் இவை மாற்றக்கூடியவை. இந்த மாற்றம் யாருக்கு நன்மையாக அமையும், அதை யார் தீர்மானிப்பது என்பதே இவ்வறிக்கை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு வருமாறு: மக்களின் வரிப்பணத்தில் உருவான தொழில்நுட்பம், அது எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும். அதை உருவாக்கும் தொழிலாளருக்கு அதன் பலனில் பங்கு வேண்டும். உயிரைப் பறிக்கும் முடிவும், உயிர்காக்கும் கருவியை நிறுத்தும் முடிவும் மனிதரின் பொறுப்பிலேயே நீடிக்க வேண்டும். ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் இந்த மூன்றுக்கும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சான்றுகளைத் தருகிறது.

2. காஞ்சன்பாக்கின் பின்னணி

பழைய ஹைதராபாத்தின் தென்கிழக்கு விளிம்பில் உள்ள காஞ்சன்பாக், நாட்டின் ஏவுகணைத் தொழிலுக்கும் சிறப்பு உலோகத் தொழிலுக்கும் மையம். டி.ஆர்.டி.எல். எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகம் 1961இல் தில்லியில் தொடங்கி, அடுத்த ஆண்டே ஹைதராபாத்துக்கு வந்தது. டி.எம்.ஆர்.எல். எனப்படும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 1963இல் உருவானது. ஏவுகணை உற்பத்திக்காக 1970இல் பாரத் டைனமிக்ஸ் நிறுவனமும், சிறப்பு எஃகு, டைட்டானியம், உயர்வெப்பக் கலப்புலோகங்களுக்காக 1973இல் மிதானி நிறுவனமும் நிறுவப்பட்டன. நான்கும் அரசுப் பணத்தில் எழுந்தவை.

1982இல் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநரானார். மறு ஆண்டு ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. 1989 மே 22 அன்று அக்னி முதன்முறையாக விண்ணில் ஏவப்பட்டது. வளிமண்டலத்துக்குள் மீண்டும் நுழையும் ஏவுகணையின் முனை கடும் வெப்பத்தில் சிதையாமல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடையும் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகக் கரிம இழைக் கூட்டுப்பொருள்களில் இங்கே ஆழ்ந்த அறிவு திரண்டது. துருப்பிடிக்காத, களைப்புறாத எஃகு பற்றிய அறிவும் உடன் வளர்ந்தது. இந்த இரண்டு அறிவும் பின்னர் மனித உடலுக்குப் பயன்பட்டன.

3. ஏவுகணைக் கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு

போலியோ எனும் இளம்பிள்ளை வாதத்தால் கால் வலுவிழந்த குழந்தைகள் அணிந்த காலிபர்கள் எனும் உலோகத் தாங்குகருவிகள் மூன்று கிலோவுக்கும் அதிக எடை கொண்டவை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தின் (நிம்ஸ்) எலும்பு மருத்துவர் ஒருவர் ஏவுகணை ஆய்வகத்துக்கு வந்தபோது, அங்கிருந்த கூட்டுப்பொருளின் எடைக்குறைவைக் கண்டு வியந்து, கலாமைத் தம் நோயாளிகளிடம் அழைத்துச் சென்றார். அதன்பின் சுமார் 300 கிராம் எடையில் புதிய தாங்குகருவி உருவானது. கலாம் தம் நூல்களிலும் உரைகளிலும் பலமுறை சொன்ன நிகழ்வு இது. பத்து மடங்கு எடை குறைந்தபோது குழந்தையால் காலை இழுக்காமல் நடக்க முடிந்தது.

1990களில் இதயநோய் மருத்துவர் பி. சோம ராஜுவும் கலாமும் இணைந்து, அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கினர். கலாம்-ராஜு ஸ்டென்ட் என்று அது பெயர் பெற்றது. ஸ்டென்ட் என்பது மிக நுண்ணிய உலோக வலைக்குழாய். பலூனால் விரிக்கும்போது அது முறியக்கூடாது. பல ஆண்டுகள் இரத்தத்தில் கிடந்தாலும் அரிக்கக்கூடாது. அதற்கேற்ற எஃகைத் தேர்ந்து பக்குவப்படுத்தும் திறன் பாதுகாப்பு ஆய்வகங்களில் ஏற்கெனவே இருந்தது. இத்தகைய முயற்சிகளை ஒருங்கிணைக்க 1993இல் உயிர்மருத்துவத் தொழில்நுட்பச் சங்கம் அமைக்கப்பட்டது. விண்கலங்களுக்கும் ஏவுகணைகளுக்கும் உலோகம் தரும் மிதானி, உடலுக்குள் பொருத்தும் டைட்டானியப் பாகங்களையும் செய்கிறது.

இவற்றிலிருந்து தெரிவது: அழிவுக்கான ஆராய்ச்சியிலிருந்து உயிர்காக்கும் கருவி தானாகப் பிறந்துவிடவில்லை. மருத்துவர் ஒருவர் உள்ளே வந்தார். அறிவியலாளர் நோயாளியைப் பார்த்தார். அதன்பின் ஒரு நிறுவன ஏற்பாடு உருவானது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த அறிவு சுற்றுச்சுவருக்குள்ளேயே நின்றிருக்கும்.

4. விலையும் தொடர்பும்

ஒரு கருவியை உருவாக்குவது பணியின் தொடக்கம் மட்டுமே. 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் சந்தைக்கு வந்தபோது, பழைய வெற்று உலோக ஸ்டென்ட்கள் பின்தங்கின. உள்நாட்டு முயற்சி குறைத்திருந்த விலை அடுத்த தலைமுறைக் கருவிக்குப் பொருந்தவில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு நோயாளி ஒரு லட்சம் ரூபாய்க்கும் அதிகமாகக் கொடுக்கும் நிலை உருவானது. 2016இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வெற்று உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என உச்ச விலை விதித்தது. விநியோகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் முறையற்ற லாபம் ஏற்றப்பட்டதை ஆணையமே சுட்டிக்காட்டியது. ஒரே அரசாணையில் விலை பல மடங்கு இறங்கியது. கண்டுபிடிப்பு சாதித்ததை நிலைநிறுத்த விலைக்கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

விலை குறைந்தாலும் நேரம் கடந்துவிட்டால் பயனில்லை. மாரடைப்பில் தமனி அடைபட்ட நொடியிலிருந்து இதயத் தசை மடியத் தொடங்குகிறது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை நடந்த ஆய்வொன்றில், சிறு மருத்துவமனைகளும் ஆம்புலன்ஸ்களும் தமனி சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளுடன் இணைக்கப்பட்டன. இ.சி.ஜி. பதிவு உடனுக்குடன் அனுப்பப்பட்டது. இந்த இணைப்புக்குப் பின், கடும் மாரடைப்பு கண்டவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. அங்கே புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்ததே உயிர்களைக் காத்தது.

போலியோவின் கதையும் இதையே சொல்கிறது. எடை குறைந்த காலிபர் நோயின் விளைவைத் தாங்கியது. நோயை ஒழித்தவர்கள் வீடுவீடாகச் சென்று சொட்டு மருந்து ஊட்டிய சுகாதாரப் பணியாளர்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது.

இ.சி.ஜி.யையும் எக்ஸ்ரேயையும் படிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு பிறரைவிட இளம் வயதில் வருகிறது. வேறு மக்களின் தரவுகளில் பயிற்றப்பட்ட கருவி இந்த வேறுபாட்டைத் தவறவிடக்கூடும். அரசு மருத்துவமனை நோயாளிகளின் தரவைக் கொண்டு ஒரு கருவி பயிற்றப்படும்போது, அவர்களின் ஒப்புதலும், அதே மருத்துவமனைகளில் அக்கருவியைக் குறைந்த செலவில் பயன்படுத்தும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பேசுகிறது. பலனில் பங்கு பற்றித் தனி விதி தேவை.

5. உழைப்பு

சிறப்பு உலோகத் தொழில் வெற்றிட உலைகளையும் கனரக அழுத்திகளையும் நம்பியது. ஏவுகணைத் தொழில் துல்லியக் கடைசல், வெல்டிங், கதிரியக்கப் படச் சோதனை, பொருத்துதல், எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றை நம்பியது. ஐ.டி.ஐ. படித்த பிட்டரும் டர்னரும் வெல்டரும் இல்லாமல் அறிவியலாளரின் வரைபடம் பொருளாக மாறியிருக்காது.

இந்த வேலைகளின் இயல்பு மாறுகிறது. முன்பு பல துண்டுகளாகச் செய்து வெல்டிங்கில் இணைக்கப்பட்ட பாகத்தை முப்பரிமாண அச்சு ஒரே துண்டாகத் தருகிறது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டை ஏவியது. வெல்டிங் இணைப்புகளின் எக்ஸ்ரே படங்களில் விரிசலைத் தேடும் வேலையைக் கணினிப் பார்வை செய்யத் தொடங்கியுள்ளது. வெல்டிங் இணைப்புகள் குறைந்தால் வெல்டரின் வேலையும் அவற்றைச் சோதிப்பவரின் வேலையும் சேர்ந்தே சுருங்கும்.

இந்த மாற்றத்தைத் தடுப்பது சரியான வழியாகாது. அதன் வரிசையைத் தீர்மானிப்பதே பொறுப்பான வழி. உலை வெப்பம், கதிர்வீச்சு, வெடிக்கும் எரிபொருள் என உடலுக்கு ஆபத்தான பணிகளை முதலில் இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். கைத்திறன் மிக்க பணிகளில் இயந்திரம் வரும்போது, அந்தத் திறனாளரே அதை இயக்குபவராகப் பயிற்சி பெற வேண்டும். ஒரு வெல்டிங் இணைப்பு எங்கே பலவீனப்படும் என்பதை நெடுங்கால அனுபவத்தில் அறிந்தவரின் அறிவு, அச்சிட்ட பாகத்தைச் சோதிக்கவும் பயன்படும். பயிற்சித் திட்டங்கள் நிரந்தரப் பணியாளருடன் நின்றுவிடுவது வழக்கம். ஒப்பந்தத் தொழிலாளரையும் அப்ரண்டிஸ்களையும் அவை சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம், புதிய தொழில்நுட்பம் மனித உழைப்புக்கான தேவையை அதிகரிக்கும் துறைகளும் உண்டு. 300 கிராம் காலிபர் ஒவ்வொரு குழந்தையின் காலுக்கும் அளவெடுத்துச் செய்யப்பட வேண்டும். குழந்தை வளரும்போது மாற்ற வேண்டும். பட்டை அறுந்தால் தைக்க வேண்டும். செயற்கை உறுப்பு வல்லுநர், இயன்முறை மருத்துவர், செவிலியர், 2005 முதல் ஊரகச் சுகாதார இயக்கத்தின் முதுகெலும்பாக உள்ள ஆஷா பணியாளர் ஆகியோரின் எண்ணிக்கையும் ஊதியமும் உயராமல், கருவிகளை மட்டும் வாங்கிக் குவிப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

6. மரணம்

விடுதலையின்போது இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 ஆண்டுகள். இன்று அது 70ஐ ஒட்டி இருக்கிறது. தடுப்பூசி, தூய குடிநீர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, பாதுகாப்பான பிரசவம், போதிய உணவு ஆகியவை இந்த உயர்வின் முக்கியக் காரணங்கள். முதுமையையே நிறுத்திவிடலாம் என்று உலகின் செல்வந்த நிறுவனங்கள் இன்று பெரும் முதலீடு செய்கின்றன. அந்த ஆராய்ச்சியை இந்த அமைப்பு எதிர்க்கவில்லை. ஆனால் பொதுப்பணத்துக்கு முன்னுரிமை ஒன்று உண்டு: ஐம்பது வயதில் மாரடைப்பால் இறக்கும் தொழிலாளியின் ஆயுளை எழுபதுக்குக் கொண்டுசெல்வது, தொண்ணூறு வயதை நூற்றிருபதாக்குவதற்கு முன் செய்யப்பட வேண்டிய வேலை.

தொழில்நுட்பம் மரணத்தின் வரையறையையே ஏற்கெனவே மாற்றியிருக்கிறது. மூளைத்தண்டு செயலிழந்த பிறகும் வென்டிலேட்டர் இதயத்தைத் துடிக்க வைக்கும் என்பதால், 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு மரணத்தை அங்கீகரித்தது. தமிழ்நாட்டின் உறுப்புக்கொடைத் திட்டமும் தெலங்கானாவின் ஜீவன்தான் திட்டமும் அந்த வரையறையின் மீதே நடக்கின்றன. ஒருவரின் மரணம் இன்னொருவருக்கு ஆயுள் தரும் இந்த ஏற்பாடு, கருவியோடு சட்டமும் குடும்பத்தின் சம்மதமும் சேர்ந்ததால் சாத்தியமானது.

மறுபுறம், மீள வழியில்லாத நோயாளியின் இறப்பை அதே கருவிகள் வாரக்கணக்கில் நீட்டிக்கவும் செய்கின்றன. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணியத்துடன் இறக்கும் உரிமையை வாழ்வுரிமையின் பகுதியாக ஏற்று, முன்கூட்டி எழுதிவைக்கும் சிகிச்சை விருப்ப ஆவணத்துக்கு இசைவளித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன. இந்த உரிமை பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்னும் எட்டவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள எல்லா மருத்துவமனைகளிலும் வலிதணிப்புச் சிகிச்சையும் இருந்தால்தான் அது நடைமுறையில் பொருள்பெறும். சிகிச்சையை நிறுத்தும் முடிவை எந்தக் கணிப்பு மென்பொருளின் மதிப்பெண்ணும் எடுக்கக்கூடாது. நோயாளியின் விருப்பமும், குடும்பமும், மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

கொல்லும் முடிவுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தாமாக இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. இந்தியா உட்பட 4 நாடுகள் எதிர்த்தன. குறிப்பிட்ட மரபு ஆயுதங்களுக்கான உடன்படிக்கையின் கீழேயே இது பேசப்பட வேண்டும் என்பது இந்தியா முன்வைத்துவரும் நிலை. விவாத மேடை எதுவாக இருந்தாலும், தாக்கும் ஆணையைத் தருபவர் பெயருடைய, பதில்சொல்லக் கடமைப்பட்ட மனிதராக இருக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியா முன்னின்று கோர வேண்டும். ஏவுகணையைத் தன் அறிவால் உருவாக்கிய நாட்டுக்கு அதைக் கோரும் தகுதி உண்டு.

7. பரிந்துரைகள்

அ) பாதுகாப்பு ஆய்வகங்கள் ஒவ்வொன்றும் தம் ஆராய்ச்சியில் மருத்துவத்துக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படக்கூடியவற்றை ஆண்டுதோறும் அடையாளம் கண்டு வெளியிட வேண்டும். அரசு மருத்துவமனை மருத்துவர்கள் ஆய்வகங்களுக்கும், அறிவியலாளர்கள் மருத்துவமனைகளுக்கும் முறையாகச் சென்றுவர ஏற்பாடு வேண்டும்.

ஆ) பொதுப்பணத்தில் உருவான மருத்துவக் கருவியின் உரிமம் தனியாருக்குத் தரப்படும்போது, உச்ச விலையும் அரசு மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்ச வழங்கலும் நிபந்தனைகளாக வேண்டும். அடுத்த தலைமுறைக் கருவி வரும்போது அந்த நிபந்தனைகள் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்.

இ) கருவி வாங்கும் ஒவ்வொரு திட்டத்திலும், அதைப் பொருத்தி, பழுதுபார்த்து, மாற்றித் தரும் பணியாளர்களுக்கான செலவு முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

ஈ) தானியங்கி இயந்திரங்களைப் புகுத்தும் பொதுத்துறை ஆலைகள், ஆபத்தான பணிகளில் தொடங்கி, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் மறுபயிற்சி தந்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இதில் தொழிற்சங்கங்களின் கருத்தைக் கேட்பது கட்டாயமாக வேண்டும்.

உ) மாவட்ட அளவிலான மாரடைப்புச் சிகிச்சை வலைப்பின்னல், வலிதணிப்புச் சிகிச்சை, சிகிச்சை விருப்ப ஆவணம் பற்றிய விழிப்புணர்வு ஆகியவற்றுக்கு, விலையுயர்ந்த தனிக்கருவிகளுக்குத் தரும் அதே முக்கியத்துவத்துடன் நிதி ஒதுக்க வேண்டும்.

ஊ) தாக்கும் முடிவிலும் சிகிச்சையை நிறுத்தும் முடிவிலும் மனிதப் பொறுப்பு சட்டப்படி வரையறுக்கப்பட வேண்டும். முடிவெடுத்தவர் யார் என்பது ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும்.

காஞ்சன்பாக்கில் ஓர் ஏவுகணைத் திட்டம் ஒரு குழந்தையின் கால் சுமந்த எடையைக் குறைத்தது தனிமனிதர் சிலரின் கருணையால் நடந்தது. அது இனி விதியாகவும் நிதி ஒதுக்கீடாகவும் தொழிலாளர் உரிமையாகவும் மாற வேண்டும் என்பதே இந்த அமைப்பின் கோரிக்கை.